தடூசாக் போன பஸ்ஸில் எவரும் கேட்காத கேள்வி

ஒரு கோடைகாலம் முழுவதும் நான் அணைத்துவைத்த ஒலிவாங்கியில் பேசியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஏதாவது புத்திமதி சொன்னால், அது எப்படிப்பட்டவன் சொன்னது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொன்றியலிலிருந்து புறப்படும் சுற்றுலா பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர்கள் விடுமுறை போகப் பழகிய வரலாற்றைச் சொல்வது என் வழக்கம். நானே படித்து, நானே எழுதி, கண்ணாடி முன் நின்று பழகிய உரை. அந்தக் கோடையில் பஸ் முழுக்க அப்படி ஓர் அமைதி. இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் இவ்வளவு பொறுமையாக ஒன்றைக் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. செப்டெம்பரில் எங்கள் சாரதி, ஹெய்ட்டியிலிருந்து வந்த நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். ஒலிபெருக்கியின் சுவிட்ச் அவர் பக்கம் இருந்தது. முதல் பயணத்திலேயே பின்வரிசைக்காரர் வந்து நித்திரை கொள்ளவேண்டும் என்று கேட்டார்களாம். அணைத்துவிட்டார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்" என்றார்.

முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் என் வெறும் குரல் கேட்டிருக்கும். அவர்களும் கேட்பதற்காக முன்னுக்கு இருந்தவர்கள் அல்லர். பஸ்ஸில் தலை சுற்றுகிறவர்கள்.

இப்போது முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டதால் ஐம்பத்தேழு வயதிலேயே வீட்டில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், "அண்ணை, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். ஆட்களை எண்ணுவது, விடுதியில் அறை பிரிப்பது, எந்த இடத்தில் கழிவறை சுத்தம் என்பதெல்லாம் கம்பனி சொல்லித் தரும். கம்பனி சொல்லித் தராத ஒன்றை நான் எழுதுகிறேன். அது நடந்தது தடூசாக் பயணத்தில்.

அதற்கு முன் என் உரையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் ஆட்கள் பயணம் போகாதவர்கள் இல்லை. கலியாண வீட்டுக்குப் போவோம், செத்த வீட்டுக்குப் போவோம், கோயிலுக்கும் மாதா திருநாளுக்கும் போவோம், துரத்தினால் கண்டம் விட்டுக் கண்டம் போவோம். சும்மா போவதுதான் பழக்கமில்லை. ஒரு காரணமும் இல்லாமல், ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்கு, திரும்பி வருவதற்காகவே போவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. நீராவி எஞ்சினை விடப் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கட்சி. அதற்கு முன்னும் பிரபுக்கள் ஊர் சுற்றினார்கள். அவர்கள் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். ரயில் வந்த பிறகுதான் துணி ஆலைக்காரனும் கடைச் சிப்பந்தியும் கடலைப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் மதுவிலக்குப் பிரசாரம் செய்த ஒருவர், சனங்களைச் சாராயக்கடையிலிருந்து இழுத்தெடுக்க வழி தேடி, ஒரு முழு ரயிலையே பேசி எடுத்து, கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனார். நம் தொழிலுக்கு அவர்தான் மூதாதை. எங்கள் பஸ்ஸின் பின்வரிசையைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தது நல்லது.

மொன்றியலிலும் அதே கதை. கோடை வந்தால் நகரத்தில் வெக்கை, நாற்றம், கொள்ளை நோய். வசதியானவர்கள் மாலையில் துறைமுகத்தில் நீராவிக் கப்பல் ஏறுவார்கள். படுத்து எழும்பினால் கியூபெக் நகரம். இன்னும் கீழே போனால், கடல் நெருங்க நெருங்க, ஆறு உப்புக் கரிக்கத் தொடங்கும். அங்கே மர விடுதிகள், நீளமான விறாந்தைகள், சாய்கதிரைகள். உப்புத் தண்ணீரில் முழுகினால் நரம்பும் நெஞ்சும் தேறும் என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மலிவு ரிக்கெற் வந்தது, எழுதுவினைஞர்களும் கடைக்காரர்களும் பின்னால் போனார்கள்.

அதே ஆற்றில் எதிர்த் திசையில் வேறு கப்பல்கள் வந்தன. பஞ்சத்துக்குத் தப்பியவர்களை அடித்தட்டில் அடைத்துக்கொண்டு வந்த கப்பல்கள். அவற்றை ஒரு தீவில் மறித்து நோய் பார்த்தார்கள். நிறையப் பேர் அந்தத் தீவை விட்டு எழும்பவேயில்லை. ஒருவருக்குக் காற்று வாங்கப் போகிற ஆறு, இன்னொருவருக்கு உயிர் தப்பி வருகிற ஆறு. இந்த இடத்தில் நான் சிறிது நேரம் பேசாமல் நிற்பேன். ஒலிவாங்கி அணைந்திருந்த கோடையிலும் அப்படித்தான் நின்றேன்.

இனி அந்தப் பயணம். அடுத்த கோடை, ஜூலை கடைசி, கட்டட வேலைக்காரருக்கு லீவு விடுகிற கிழமைகள். மொன்றியலில் எங்கள் ஆட்கள் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் விடியவே பஸ் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் செல்வமலர் அக்கா இருந்தார். மட்டக்களப்புக்காரி. கணவர் இல்லை, ஒரே மகன் நிரோஷன். நகரத்தின் நடுவே உள்ள பெரிய விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்து பென்ஷன் எடுத்தவர். ஊர் பார்க்க வந்தவர்களின் கட்டிலை விரித்தே காலம் போய்விட்டது, தான் ஓர் ஊரும் பார்க்கவில்லை. அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தான். அதற்கு முந்திய வருடம்தான் இருதயத்தில் அடைப்பு எடுத்திருந்தார்கள். மருந்துக் குளிசைப் பை மடியில் இருந்தது.

ஒலிபெருக்கியைச் சாரதி எனக்காகப் போட்டுவிட்டிருந்தார், இரக்கத்தில். உரை முடிந்ததும் அக்கா கை உயர்த்தினார். என் வாழ்நாளில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள்.

"மனே, அந்த ஆக்களுக்கு லீவு ஆர் குடுத்த?"

மனே என்றால் அவர் ஊர்ப் பேச்சில் மகனே. நல்ல கேள்வி. சனிக்கிழமை பாதி நாள் ஆலையைப் பூட்டியதையும், லீவுக்காகச் சனங்கள் சண்டை பிடித்ததையும் சொன்னேன்.

"அப்ப அந்தக் கடற்கரை ஹோட்டல்ல கட்டில் விரிச்ச பெட்டைகளுக்கு?"

"அவைக்கு இல்லையெண்டுதான் நினைக்கிறன், அக்கா."

"நான் நினைச்ச" என்று சொல்லிவிட்டு, மகன் கட்டித்தந்த சாண்ட்விச்சைப் பிரித்தார்.

அவருக்குப் பின்னால் இருந்தவர் கனகசபை அண்ணை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்தவர், இறங்கிய இடமெல்லாம் தலைவர். "பிள்ளை, உந்தாளிட்டைக் கேள்வி கேட்டால் கதையை நிப்பாட்டாது. கேக்காதேங்கோ" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

கியூபெக் நகரத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தி மறுபடி ஏறிய சிறிது நேரத்தில் என் போன் அடித்தது. நிரோஷன். குரல் உடைந்திருந்தது.

"அங்கிள், யோகன் மாமா. ஊரிலை. ஹொஸ்பிட்டலிலை இருந்து கோல் எடுத்தவை. அம்மாக்குச் சொல்லாதேங்கோ, ஓகே? அவவுக்கு ஹார்ட். அவவின்ரை போன் வைஃபைலைதான் வேலை செய்யும். வைஃபை குடுக்காதேங்கோ, ப்ளீஸ். நாளைக்கு வீட்டை வந்தாப் பிறகு நான் சொல்லுறன்."

யோகன் என்பது அக்காவின் ஒரே தம்பி. மட்டக்களப்பில் இருந்தார். பையன் அழுதான். "ஐயோ தம்பி. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். மலைப்பாதை தொடங்கியது, தொடர்பு அறுந்தது.

நீங்கள் எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்கள், விளக்கத் தேவையில்லை. எங்களில் ஒருவர் செத்துப்போனால், தூரத்தில் இருப்பவருக்கு உடனே சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். பிறகு வரச் சொல்வார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளைக் கண்டு அவராகவே விளங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பிள்ளை அழுதுகொண்டு, சொல்லாதேங்கோ என்று சொன்னால், என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் பண்பில்லாதவன். நானும் கேட்கவில்லை. யோகன் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன்.

இவ்வளவு பெரிய செய்தியைத் தனியே தூக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கனகசபை அண்ணையின் காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "உதெல்லாம் வழியிலை சொல்லுற விசயமில்லை. நீர் ஒண்டும் சொல்லாதையும். நான் மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன், வாய் தவறிச் சொல்லிப் போடக்கூடாது எண்டு" என்றார். அப்படி, ரகசியத்தைக் காப்பதற்காகவே அது பஸ் முழுக்கச் சொல்லப்பட்டது. பாட்டு நின்றது. தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை எடுத்து வைத்தார்கள்.

பிறகு எல்லோரும் அக்காவுக்கு நல்லவர்களாகத் தொடங்கினார்கள். அதுவரை ஜன்னல் சீற்றுக்குச் சண்டை பிடித்த ஒரு பெண் எழுந்து வந்து, ஆற்றுப் பக்கமாக இருங்கள் என்று தன் இடத்தைக் கொடுத்தார். ஒருவர் மோதகம் கொண்டுவந்தார். ஒருவர் தன் சால்வையைக் கொடுத்தார், வெளியே வெயில் எரிக்கிறது. பிள்ளைகளைக்கூட அவர் பக்கத்தில் சத்தம் போட விடவில்லை. அக்கா ஒன்றும் விளங்காமல் மடி நிறையப் பலகாரத்தோடு இருந்தார்.

"என்ன மனே, எல்லாரும் எனக்குத் தின்னத் தீத்துறாங்க" என்றார் என்னிடம். பிறகு அவருக்கே பதில் கிடைத்துவிட்டது. முகம் மலர்ந்தது. "நிரோஷன் சொல்லியிருப்பான், என்ன? எனக்கு அறுபது எண்டு."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு சாகனே ஆற்றைக் கடக்கிற படகில் காற்று பலமாக அடித்தது. அவர் முன்னுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வந்த பெண்களில் இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். அவரும் அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

தடூசாக் சின்ன ஊர். வளைந்த குடா, அதற்கு மேலே பழைய காலத்துப் பாணியில் ஒரு பெரிய மர விடுதி, புல்தரை, கதிரைகள். கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடத்தைக் காட்டினேன். மனம் அதில் இல்லை. அக்கா நேரே தண்ணீருக்குப் போனார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் அளவுக்கு இறங்கினார். கோடையிலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். அவர் வெளியே வரவில்லை.

"எங்கட கல்லடிக் கடல் இப்பிடிக் குளிராது. ஆனா மணம் ஒண்டுதான்" என்றார். "மனே, இஞ்ச வைஃபை இரிக்கா? தம்பிக்கு வீடியோவுல காட்டப் போறன். நான் கடலுக்குள்ள நிக்கிறன் எண்டா நம்பமாட்டான்."

"இங்கை இல்லை, அக்கா."

விடுதி விறாந்தைக்கு வந்ததும் அதே கேள்வியைக் கனகசபை அண்ணையிடம் கேட்டார். "வேலை செய்யேல்லையாம் பிள்ளை, திருத்துறாங்களாம்" என்றார் அவர், ஒரு தலைவருக்குரிய தெளிவோடு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தன் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

சிறிது நேரம் கழித்து என்னிடம் மறுபடி வந்தார். "மறுகா, கொஞ்சம் பிறகாவது எடுக்கலாமா மனே? அவன் சுகமில்லாம இரிக்கான். ஒவ்வொரு நாளும் நான் எடுக்கலெண்டா அவன் படுக்கிறல்ல."

படுக்கிறல்ல. படுப்பதில்லை என்று நிகழ்காலத்தில் பேசினார். அதில் ஒன்றுமில்லை, அவருக்குச் செய்தி தெரியாது. ஆனால் அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது: காலையில் நிரோஷனும், மாமா இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் போட்டு, கனகசபை அண்ணை பரப்பி, பஸ் முழுவதும் அழுதிருக்கிறது.

விடுதிக்குப் பின்னால் போய் நிரோஷனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதை. மாமா உயிரோடை இருக்கிறாரோ?"



"என்ன அங்கிள்? ஓம். ஹொஸ்பிட்டலிலை. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு டொக்டர் சொன்னவராம். அக்கா எங்கை, அக்கா எங்கை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவராம். இப்ப கதை இல்லை. ஆனா கேக்குமாம்."

காலையில் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இங்கே பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அம்மா கதைக்கோணும், தம்பி."

"நோ, அங்கிள். ப்ளீஸ். அவவுக்கு ஏதும் ஆச்சுதெண்டா அங்கை என்ன இருக்கு? எனக்கு அம்மா மட்டும்தான். நான் இப்பவே கார் எடுக்கிறன். நான் வந்து பக்கத்திலை இருந்து சொல்லுறன்."

"நீர் வந்து சேர இரவாகும். அவருக்கு அவ்வளவு நேரம் இருக்கோ?"

"தெரியாது" என்றான். பிறகு சின்னப் பிள்ளை போல, "சொல்லாதேங்கோ" என்றான்.

கனகசபை அண்ணை என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றதும் முகம் வெளுத்தது. ஆனால் தலைவர் தலைவர்தான்.

"நீர் டொக்டரோ?"

"இல்லை அண்ணை."

"அவவின்ரை பிள்ளையோ?"

"இல்லை."

"அப்ப எந்த உரிமையிலை சொல்லப் போறீர்? மகன் வேண்டாம் எண்டுறான். இருதய வருத்தக்காரி. கிட்டடியிலை பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை. ஏதும் நடந்தா, நீர் கதை சொல்லித் தப்பேலாது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. நான் பெரிய தத்துவம் யோசித்து முடிவெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். விறாந்தையில் அக்கா காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் போனை எடுத்து நீட்டினார், வைஃபை வந்துவிட்டதா என்று பார்த்துத் தரச்சொல்லி. இல்லை என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

முதலில் குளிசைப் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கனகசபை அண்ணை ஒரு மனிதரைச் சாரதியிடம் ஓடவிட்டு, பஸ்ஸைத் திருப்பி ஆயத்தமாக வைக்கச் சொன்னார். இவ்வளவு எதிர்த்தவர் அதையும் செய்தார்.

"அக்கா, யோகனுக்குக் கடும் வருத்தம். ஆஸ்பத்திரியிலை இருக்கிறார். உயிரோடை இருக்கிறார். உங்களைக் கேட்டவராம்."

அவர் அழவில்லை. பக்கத்தில் வைத்திருந்த மோதகத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"இதுக்கா?" என்றார். பிறகு, "கதைப்பானா?"

"கதைக்கமாட்டாராம். கேக்குமாம்."

வைஃபை ஒரே தட்டில் வேலை செய்தது. மட்டக்களப்பில் சாமம் கடந்திருந்தது. தம்பியின் மகள் எடுத்தாள். அப்பாவின் காதில் வைக்கிறேன், கதைங்க மாமி என்றாள். அக்கா போனைப் பிடித்தபடி இருந்தார். சாகக் கிடப்பவரிடம் என்ன சொல்வது? எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. சுகமாகிவிடும் என்று சொல்ல முடியாது. திரையில் ஒரு காதும் தலையணையும் மட்டும் தெரிந்தன. நாங்கள் விலகிப் போகவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

"தம்பி" என்றார். "நான் கடல் பாக்க வந்திரிக்கன்டா. கப்பல் வாற இடம். முந்தி இஞ்ச நெருப்புக் கப்பல்ல ஆக்கள் வந்து இறங்குவாங்களாம். ஒரு அலுவலும் இல்லாம, சும்மா வருவாங்களாம். உப்புத் தண்ணியில முழுகினா நெஞ்சு வருத்தம், நரம்பு வருத்தம் எல்லாம் மாறுமெண்டு டாக்குத்தர்மார் எழுதிக் குடுத்தாங்களாம். பெரிய விறாந்த இரிக்கி. அதுலதான் நான் இப்ப இரிக்கன்."

என் உரை. அவர் தொடர்ந்தார், வேலை முடிந்து வந்து வீட்டில் கதைக்கிற குரலில்.

"மாறினதா எண்டு நான் கேக்கல்ல. நீ பயப்படாத. தண்ணி சரியான குளிர். நான் முழங்கால் மட்டும் இறங்கின. நீ எண்டா ஓடிப் போய்ப் பாய்ஞ்சிருப்பாய். உனக்குச் சொல்லாம வந்ததுக்குக் கோவிக்காத. இனி எங்க போனாலும் சொல்லிப்போட்டுத்தான் போவன். நீயும் சொல்லிப்போட்டுப் போ, என்ன?"

தம்பியின் மகள், அப்பா கண்ணை முழித்துப் பார்க்கிறார் மாமி என்றாள். பிறகு படம் உறைந்து நின்றது. மறுபடி எடுத்தபோது ஒருவரும் எடுக்கவில்லை.

நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் செய்தி வந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. சிலர் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். நிரோஷன் வந்து தாயை ஏற்றிக்கொண்டு திரும்பினான். போகிற வழியில் அக்காவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கியூபெக் நகரத்து ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். சவ அடக்கத்தைப் போனில் காட்டினார்கள், அதைப் பார்க்கவும் வைத்தியர் விடவில்லை. நிரோஷன் எனக்கு ஒரே ஒரு தடவை போன் எடுத்தான். "நான் சொன்னனான்தானே, அங்கிள்" என்றான். வைத்துவிட்டான்.

ஆகவே சொன்னது சரி என்று இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிழை என்றும் எடுக்கவேண்டாம். அந்தப் பாடம் என்னிடம் இல்லை. இன்னொரு முறை வந்தாலும் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போதும் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னைத் திட்டும், அதுவும் நியாயமாகத்தான் இருக்கும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது சின்ன விஷயம். உங்கள் பஸ்ஸில் எவருக்காவது ஊரிலிருந்து செய்தி வந்தால், முதலில் கேளுங்கள், உயிரோடு இருக்கிறாரா என்று. நாக்கு கூசும். பண்பில்லாதவன் என்பார்கள். கேளுங்கள். நாங்கள் அன்று பண்பாக இருந்து, பேசக்கூடிய ஒரு மனிதரை ஒரு பகல் முன்னதாகவே சாகடித்து, அவருடைய அக்காவுக்கு மோதகம் கொடுத்தோம். எங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. சால்வை கொடுத்த மனிதர் பஸ்ஸின் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தார்.

இலை கொட்டுகிற காலத்தில் அக்காவைப் பார்க்க, மொன்றியலில் அவர் இருக்கும் வில்லரேக்குப் போனேன். மேல்வீடு, வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. ஒவ்வொரு படியிலும் என்ன சொல்வது என்று யோசித்து, மேலே போனபோது மூச்சு மட்டும்தான் மிச்சம். நிரோஷன் கதவைத் திறந்தான், உள்ளே வரச் சொன்னான், தன் அறைக்குப் போனான். அக்கா மெலிந்திருந்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். கடைசியில் அவராகவே சொன்னார்.

"அடுத்த கோடைக்கு நயாகரா போறன் மனே. டாக்குத்தர் போகலாம் எண்டுட்டார்."

நல்லது அக்கா, அந்தப் பயணத்துக்கு நானே வாறன், முன் சீற்றை உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறன் என்றேன்.

அவர் தட்டில் இருந்த பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

"இல்ல மனே, நான் மற்றக் கொம்பனியில புக் பண்ணிட்டன். குறை நினையாதீங்க. நீங்க நல்ல மனிசன். ஆனா உங்கட முகத்தக் கண்டா எனக்கு ஊரில இருந்து ஆரோ போன் எடுக்கிற மாதிரியே கிடக்கு. அங்க வாற கைட் சின்னப் பொடியனாம். அவனுக்கு ஒண்டும் தெரியாதாம்."